வலி தெரியாத பிள்ளையைப் பார்க்கப் போன கதை

பினாங்கில் என் வேலை ஈ வளர்ப்பது. கல்யாண வீட்டுப் பந்தியில் இதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார். வீட்டு ஈ இல்லை. வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தப் பொடி ஈ. குப்பிகளில் சோளமாவும் சர்க்கரையும் காய்ச்சி ஊற்றி, முட்டையிட வைத்து, வெளிவரும் புழுவை உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் சூடான ஊசி முனையால் தொடுவேன். சாதாரணப் புழு சட்டென்று பக்கவாட்டில் உருண்டு தப்பிக்கப் பார்க்கும். நாங்கள் மாற்றி வளர்த்த புழு உருளாது. சுடச்சுடத் தின்றுகொண்டே இருக்கும். பதினொரு வருடமாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வந்திருக்கிறேன்.

காரணம் ஒரே ஒரு மரபணு. வளரும் நரம்பு செல்லைப் பார்த்து, ‘நீ வலியைச் சொல்கிற நரம்பாகு’ என்று வேலை பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி அது. மேஸ்திரி வராவிட்டால் அந்த நரம்பு உருப்படியாக உருவாகாது. இந்த மேஸ்திரி வம்சம் ஈயில் மட்டும் இல்லை. மீனில், தவளையில், எலியில், நம்மில் எல்லாம் அதே வம்சம்தான் அதே வேலையைப் பார்க்கிறது. எலும்பு என்ற ஒன்றே உலகில் இல்லாத காலத்தில், கடலடியில் நெளிந்த ஏதோ ஒரு உயிரிடமிருந்து ஈயும் நானும் அதைப் பங்கு பிரித்துக்கொண்டோம். தனியாக இருக்கும்போது இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

திண்டுக்கல் பக்கம் ஒரு எட்டு வயதுச் சிறுமிக்கு அந்த மேஸ்திரி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. பெற்றோருக்கு விளக்கிச் சொல்லி, கையெழுத்தும் இன்னொரு முறை எச்சிலும் வாங்கி வர ஆள் தேவைப்பட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான் ஒருத்திதான். “உனக்குத்தான் அந்த ஊர் மொழி தெரியுமே” என்றார் எங்கள் தலைவர், சீனர். எனக்கும் அப்படித்தான் எண்ணம்.

புதன்கிழமை திண்டுக்கல்லில் இறங்கினேன். எங்கள் ஊர் வெயில் ஈரத்துணியைப் போட்டுப் போர்த்தும். இந்த ஊர் வெயில் உரிக்கிறது. டீக்கடையில் சீனி குறைவாகப் போடச் சொன்னதற்கு மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் மேடம், ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டு வழக்கம்போலவே போட்டுக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்தால் எங்கள் ஊர் ஆற்றின டீ, தே தாரிக், பத்தியச் சாப்பாடாகத் தெரியும்.

மூன்று நாளைக்கு எனக்குக் கார் ஓட்ட ஏற்பாடாகியிருந்தவர் பெயர் காதர். முப்பது வயது இருக்கும். அவருடைய அத்தா, அதாவது அப்பா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவராம். “அந்த நாத்தம் எங்க வீட்டுச் செவுத்துல இன்னும் இருக்குக்கா” என்றார். நான் போக வேண்டிய ஊர் சேவுகம்பட்டிக்கு அந்தப் பக்கம் என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அந்தக் கை வக்கிற புள்ளயவா பாக்கப் போறீங்க?”

“கை வைக்கிற பிள்ளையா?”

“தெரியாதாக்கா? அதுக்கு வலியே கெடையாதாம். வலி இருக்கிறவங்க போனா, எடத்தத் தொட்டு வாங்கிக்கிருமாம். நாங்கூட எங்கம்மாவக் கூட்டிட்டுப் போனேன். மூட்டுவலி.”

“போயிடுச்சா?”

காதர் ஸ்டியரிங்கைத் தட்டினார். “தெரியலக்கா. இன்னமும் காலத் தாங்கித் தாங்கித்தான் நடக்குது. ஆனா அன்னைலருந்து வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதில்ல.”

வியாழன் காலை கிளம்பினோம். வழியெல்லாம் பூ. மல்லி, கனகாம்பரம், சம்பங்கி, கோழிக்கொண்டை. சைக்கிளில் பூ மூட்டை, பஸ் கூரையில் பூ மூட்டை. ஓர் ஊரில் அம்மனுக்குத் தட்டுத் தட்டாகப் பூ எடுத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போனார்கள். பூச்சொரிதல் என்று காதர் சொன்னார். இந்த ஊரில் எது நடந்தாலும் பூவில்தான் தொடங்கும் போலிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வரியை இன்னும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த வீடு மல்லித் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. வாசலில் நாலைந்து பேர் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பல்வலிக்காரர் ஒருவர், தலையில் துண்டைக் கட்டியிருந்த அம்மாள் ஒருத்தி. மருத்துவமனை வாசலில்கூட இவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. அப்பா தங்கவேல் ஓடி வந்து, “டாக்டரம்மா, வாங்க வாங்க” என்றார். நாற்பது வயது, பூ விவசாயி. பின்னாலேயே அவருடைய அண்ணன் கருப்பையா வந்தார். ஊர்க் கோயில் பூசாரி அவர். நான் டாக்டர் இல்லை என்று ஒரு தடவை சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது தடவை சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தனுஸ்ரீ உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ஸ்கூல் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரல்களின் நுனி குட்டை. பல் முளைத்த காலத்தில் அவளே கடித்துத் தின்றது. நாக்கின் ஓரத்திலும் ஒரு கடி அளவு சதை இல்லை, அதனால் பேச்சு கொஞ்சம் குழறும். வலது முட்டி எப்போதோ உடைந்து, யாருக்கும் தெரியாமலே கூடி, தடித்துப் போயிருந்தது. முகம் மட்டும் அப்படி ஒரு தெளிவு. வலித்துச் சுளித்த கோடு ஒன்றுகூட விழாத முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு ஈ வந்து அவள் கண்ணோரத்தில் உட்கார்ந்தது. பிறகு வெள்ளை விழியின் மேலேயே இரண்டு எட்டு நடந்தது. அவள் இமைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஈயோடு பதினொரு வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு முதல்முறையாக ஈயைப் பார்த்து உடம்பு கூசியது. அவள் அம்மா பாண்டியம்மாள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே சேலை முந்தானையால் அதை ஓட்டினாள். பழகிய கை.

“ஒனக்கு எங்க வலிக்குது?” என்று தனு என்னைக் கேட்டாள். வருகிற எல்லோரையும் அவள் இப்படித்தான் கேட்பாளாம்.

“கழுத்து” என்றேன். குனிந்து குனிந்து ஈ பார்த்த கழுத்து.

“எப்படி வலிக்குது?”

“பிடித்து இழுக்கிற மாதிரி.”

“யாரு இழுக்குறா?”

அவள் நோட்டைக் காட்டினாள். பக்கம் பக்கமாக மனிதர்கள். வந்தவர்கள் சொன்னதையெல்லாம் வரைந்து வைத்திருந்தாள். ஒருவர் பல்லில் பாம்பு. ஒருத்தி தலைக்குள் ஆட்டுக்கல். கடைசிப் பக்கத்தில் என்னை வரையத் தொடங்கினாள். கழுத்துக்குப் பின்னால் ஒரு கை வந்தது. அந்தக் கைக்கு ஆள் வரையவில்லை.

டீ வந்தது. அவள் என் தம்ளரைத் தூக்கி வெறும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். பாண்டியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். உடனே தனு, வகுப்பில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல, “ஆ” என்றாள். சொல்லிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“எது பட்டாலும் ஆன்னு சொல்லணும்னு பழக்கியிருக்கேன்” என்றாள் பாண்டியம்மாள். “எதுக்குச் சொல்லணும்னு அதுக்குத் தெரியாது. எம்மொகத்தப் பாத்துச் சொல்லும். அழுதாக் கண்ணுல தண்ணி வராது டாக்டரம்மா. வேர்க்கவும் செய்யாது. வெயில்ல விட்டா ஒடம்பு ஓடு மாதிரிக் கொதிக்கும். ஒரு நாளைக்கு மூணு வாட்டி மேலு பாத்துருவேன்.”

மேல் பார்ப்பது என்றால் என்னவென்று கேட்டேன். செய்தே காட்டினாள். சிறுமி கட்டிலில் மல்லாந்து படுத்தாள். தாய் உள்ளங்காலில் தொடங்கி, விரலிடுக்கு, முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், இமைக்கு உட்புறம், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குதிகாலில் ஒரு முள் கிடைத்தது. அரை விரல் நீளம், எப்போது ஏறியதோ. பிடுங்கியபோது தனு எட்டி அந்த முள்ளைத்தான் பார்த்தாள். என் உள்ளங்கால் என்னையறியாமல் சுருண்டது. எந்தப் புழுவிடமிருந்து எனக்கு வந்ததோ அந்தச் சுருளல் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினேன். மேஸ்திரி உவமை எடுபட்டது. மேஸ்திரிக்கு வேலைச் சீட்டு இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கிழிந்தாலும் மற்றது போதும். தங்கவேலிடமும் பாண்டியம்மாளிடமும் ஒவ்வொன்று கிழிந்திருக்கிறது. பிள்ளைக்குக் கிழிந்த இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன.

“இவ எங்கக்கா மக” என்றார் தங்கவேல். “தாய்மாமன் கட்டுறது எங்க மொற. அது தப்பாங்களா?”

“தப்பு இல்லை. ஒரே வேர் என்பதால் ஒரே கிழிசல் இரண்டு பேரிடமும் இருந்துவிட்டது.”

ஈயைப் பற்றியும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். பாண்டியம்மாள், “அப்ப ஈக்கும் வலிக்குமா?” என்று கேட்டாள். சுட்டால் தப்பிக்கத் தெரியும் என்றேன். “அந்த ஈக்கு இருக்கிறது எம்புள்ளைக்கு இல்லையா?” என்றாள். அவளை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கையெழுத்து கிடைத்தது. எச்சிலுக்குத்தான் கருப்பையா மறித்தார். “மயிரு, நகம், எச்சி, இந்த மூணும் வெளியாளு கைக்குப் போகக்கூடாது. செய்வின வச்சுருவாய்ங்க.” நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அவரே கண்ணை மூடி யோசித்துவிட்டு, இது கடல் தாண்டித்தானே போகிறது என்று கேட்டார். ஆமாம் என்றேன். “கடல் தாண்டுனா எந்தக் கட்டும் நிக்காது. குடு தாயி” என்றார். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் துப்பிக் கொடுத்தார்கள்.

கிளம்பும்போதுதான் அது நடந்தது. வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். எலுமிச்சம்பழக்காரர்களும் எழுந்து நின்றார்கள். பாண்டியம்மாள் முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“டாக்டரம்மா, நாளைக்கு நம்ம கோயில்ல புள்ள பூ எறங்குது. நேந்திருக்காக. நீங்க சொன்னாத்தான் எறக்குவேன்னு சொல்லிட்டேன். எறங்கலாமா?”

எனக்குத் தெரிந்த பூ காலையிலிருந்து வழியெல்லாம் பார்த்த பூ. பூத்தேரோ, பூப்பல்லக்கோ, பிள்ளையை அலங்கரித்து ஊர்வலம் விடுவார்கள் என்று எண்ணினேன். என் கவலையெல்லாம் அவளுக்கு வியர்க்காது என்பதில்தான்.

“வெயில் நேரத்திலா?”

“இல்லைங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு” என்றார் தங்கவேல்.

“அப்படியானால் தாராளமாக இறங்கட்டும். எல்லாப் பிள்ளைகளும் போல இருக்கட்டும், எதற்கும் தடை போடாதீர்கள். செருப்பு மட்டும் போட்டுக்கொள்ளட்டும், முள் குத்தினால் தெரியாது.”

கூட்டம் சிரித்தது. “பூவுக்குச் செருப்பா! தெய்வக் குத்தமுல்ல தாயி!” என்றார் கருப்பையா, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி. ஒரு பெண் குலவை போட்டாள். நானும் சிரித்தேன். பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துவிட்டது. களைப்பு என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிடாமல் ஊருக்குப் போனால் பாவம் என்று காதர் கூட்டிப் போனார். அன்று எல்லாமே தாமதம். உட்காரும்போதே மூன்றரை ஆகிவிட்டது. எங்கள் ஊரில் நீள அரிசி, சோறு உதிரியாகக் கிடக்கும். இங்கே சீரகச் சம்பா, குருணை போலச் சின்னது, ஆனால் ஒவ்வொன்றிலும் மிளகும் கறிச்சாறும் ஏறியிருந்தது. இரண்டாவது தடவை வாங்கினேன். வாய் நிறையச் சோற்றோடு, இன்றைக்கு அந்தப் பிள்ளை பூ இறங்குகிறது, பார்த்திருக்கலாம், நாளை ஊருக்குப் போக வேண்டுமே என்றேன்.

காதர் எடுத்த கவளத்தை இலையில் வைத்துவிட்டார். “பூ எறங்குதா? அந்தப் புள்ளயா?”

“ஆமாம். நான்தான் இறங்கலாம் என்றேன்.”

“அக்கா, பூக்குழின்னா என்னன்னு தெரியுமா?”

“பூ போட்டு...”

“நெருப்புக்கா. கட்டைய எரிச்சுக் கங்கு பரத்தி, அதுல வெறுங்கால்ல நடக்குறது. நெருப்புன்னு வாயால சொல்லக்கூடாதுன்னு அவங்க பூன்னு சொல்லுவாங்க.”

எங்கள் ஊரில் அதற்குப் பெயர் தீமிதி. சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தீயைத் தீ என்றுதான் சொல்வோம். என் ஆறு வருடத் தமிழ்ப் பள்ளிப் படிப்பில் அந்த ஊர்ப் பூவுக்கு அர்த்தம் இல்லை. தீ மிதிப்பவர்கள் ஏன் பிழைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கால் சுட்டதும் உடம்பு ஓடச் சொல்கிறது, ஓடிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு ஓடச் சொல்ல உள்ளே யாரும் இல்லை.

கையை ஒழுங்காகக் கழுவாமலே காரில் ஏறினோம். தங்கவேலின் போனுக்கு அடித்துக்கொண்டே போனேன். நாலாவது தடவை யாரோ எடுத்தார்கள். கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. “நிறுத்துங்க, அவளை இறக்காதீங்க” என்று கத்தினேன். “டாக்டரம்மாவா? வெரசா வாங்க, ஒங்களுக்கு எடம் போட்டு வச்சிருக்கு!” என்றது ஒரு குரல். கட்டாகிவிட்டது. பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது.

செம்பட்டி தாண்டி ஓர் ஊரில் கார் நின்றது. சாலை முழுக்க முளைப்பாரி. நூறு பெண்களுக்கு மேல் இருக்கும், தலையில் முளை விட்ட சட்டியோடு, காலில் செருப்பில்லாமல் போனார்கள். வெளிச்சமே படாமல் வளர்த்த பயிர், மஞ்சளும் வெளுப்புமாக அவர்கள் தலைக்கு மேல் ஆடியது. முன்னால் போன மேளம் ஏனோ நின்றுபோயிருந்தது. தார் ரோட்டில் பாதங்கள் தேய்கிற சத்தம் மட்டும்தான். ஹாரன் அடியுங்கள் என்றேன். “அடிக்கக் கூடாதுக்கா” என்றார் காதர். மெதுவாக நடக்கிறவர்களை என் வாழ்நாளில் நான் இப்படி வெறுத்ததில்லை. கடைசிப் பெண் கடந்தபோது ஐந்தாக ஏழு நிமிடம்.

கோயில் திடலுக்குள் கார் போகவில்லை. ஓடினேன். புகை கண்ணைக் கரித்தது. உறுமிச் சத்தம் வயிற்றுக்குள் அடித்தது. தலைகளுக்கு மேலே காற்று சூட்டில் நெளிந்தது. என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. “இறக்காதீங்க, இறக்காதீங்க” என்று கத்தினேன். யாரோ திரும்பிப் பார்த்து, “டாக்டரம்மா வந்துட்டாக, வழி விடுங்கப்பா!” என்றார். கூட்டம் மரியாதையோடு பிளந்தது. கும்பிட்டு வழி விட்டார்கள். நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. குழியின் ஓரத்தில், எனக்கென்று வைத்திருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

பெரிய பஸ் நீளத்துக்கு ஒரு குழி. அதில் கங்கு, நடுவில் ஆரஞ்சு, ஓரத்தில் சாம்பல். ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கி ஏழெட்டு எட்டில் ஓடிக் கடந்து, மறுகரையில் பால் ஊற்றிய பள்ளத்தில் விழுந்தார்கள். கருப்பையா கை காட்டினார். கொட்டு மாறியது. தனு வந்தாள். மஞ்சள் பாவாடை, மணிக்கட்டில் காப்பு, கையில் வேப்பிலை, கழுத்தில் அவள் வீட்டு மல்லி மாலை. நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டாள்.

நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி, தடித்த முட்டியைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, எதையும் பொருட்படுத்தாமல் நடந்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். ஆம்பளைகள் அழுதார்கள். என் அருகே ஒரு கிழவர், “ஆத்தா, ஆத்தா” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். மூன்று எட்டு, நாலு எட்டு. அப்படியே போயிருந்தால்கூடக் கடந்திருப்பாள்.

நான் கத்தினேன். “தனு! ஓடு!”

அவளுக்குக் கேட்டது. தன் பெயரைக் கேட்டதும் குழியின் நடுவில் நின்றாள். திரும்பினாள். என்னைக் கண்டுபிடித்தாள். சிரித்துக்கொண்டு வேப்பிலைக் கையைத் தூக்கி ஆட்டினாள்.

திடல் மொத்தமும் அடங்கிவிட்டது. உறுமிக்காரர் கைகூட நின்றுபோனது. கங்கு மெல்ல வெடிக்கிற சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கூட்டத்தில் ஒருவர் தரையில் விழுந்து கும்பிட்டார். அதைப் பார்த்துப் பத்துப் பேர் விழுந்தார்கள். அந்தப் பிள்ளை கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்வதாக அவர்கள் நினைத்துவிட்டார்கள். நெருப்பில் நின்றுகொண்டு எனக்கு டாட்டா காட்டிய குழந்தையை ஊரே விழுந்து கும்பிட்டது. இதை நான் ஒளிக்கப் போவதில்லை. நான் இறங்கவில்லை.

“காப்புக் கட்டாம எறங்காதடீ!” என்று கருப்பையாவின் குரல் கேட்டது. பாண்டியம்மாள் அதற்குள் இறங்கிவிட்டாள். காப்பும் இல்லை, விரதமும் இல்லை. நடுக்குழிக்குப் போனாள், நின்றாள், குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். எட்டு வயதுப் பிள்ளையின் கனத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, ஓட முடியாமல், நடந்து கரையேறினாள். பால் பள்ளத்தில் கால் வைத்த பிறகுதான் அலறினாள்.

காதர் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தங்கவேல் முன் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். டாக்டர் இரண்டு பேர் காலையும் பார்த்தார். பிள்ளைக்கும் பாதம் வெந்திருந்தது. ஆறிவிடும், ஆனால் மண்ணில் கால் வைக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சீழ் வைத்தால் அவளுக்குத் தெரியாது என்றார். தாய்க்கு அதைவிட ஆழம். அவள் நடுவில் நின்று தூக்கியிருக்கிறாள்.

அதற்குள் வெளியே கேட்டுக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கையில் தேங்காய், எலுமிச்சம்பழம். நெருப்பில் நின்று கை தூக்கியவளைப் பார்க்க வந்தவர்கள். சத்தம் போடாமல், வரிசையாக, விளக்குக் கம்பத்தடியில் நின்றார்கள். தங்கவேல் வெளியே போனார். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். “போங்கப்பா. அது காலு வெந்து கெடக்கு. சாமியில்ல, எம்புள்ள” என்றார். யாரும் நகரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். பிறகு ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து அழுதார்.

நான் பாண்டியம்மாளின் கட்டிலருகே போய் நின்றேன். நான் டாக்டர் இல்லை என்றேன். ஈ வளர்க்கிறவள் என்றேன். “பூன்னா பூ என்றே நினைத்துவிட்டேன். நெருப்பு என்று எனக்குத் தெரியாது” என்றேன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க வேண்டாம்பீகன்னுதான் ஊருக்கு முன்னால கேட்டேன்” என்றாள். “வீட்டுல நாஞ் சொன்னா யாரு கேப்பா? கடல் தாண்டி வந்தவுக சொன்னா கேப்பாகன்னு வச்சிருந்தேன். நீங்க தாராளமாங்கவும், எனக்குத்தான் ஒண்ணுந் தெரியல போலன்னு நெனச்சுட்டேன்.” அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம். எனக்கு அது தேவையாக இருந்தது.

நர்ஸ் வந்து அவள் காலைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். பாண்டியம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பக்கத்துக் கட்டிலில் இரண்டு காலிலும் கட்டோடு உட்கார்ந்து பன்னைத் தின்றுகொண்டிருந்த தனு, தின்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் வாயை, கையை, காலை எல்லாம் மாறி மாறிப் பார்த்தாள். அந்தத் தெளிந்த முகத்தில் முதல்முறையாக ஒரு கோடு விழுந்தது.

“ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே நெருப்புலதான நின்னோம்?”

பாண்டியம்மாள் பல்லைக் கடித்து மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“ஆமாத்தா. ஒனக்கும் சேத்து எனக்கு வலிக்குது” என்றாள்.

நர்ஸ் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்தார்.